லிப்போ பேட்டரியில கனெக்டர் மாத்துறது எப்படி: ஒரு நேரத்துல ஒரு வயர் மட்டும்தான்

நீங்க கேட்டது இது: ஆர்சி காருக்கு, அதான் ரிமோட் காருக்கு, புதுசா ஒரு 2எஸ் (ரெண்டு செல் வரிசையா இணைச்சது) 5000 எம்ஏஎச் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கியிருக்கீங்க, அதுல டீன்ஸ் டைப் டீ ப்ளக் இருக்கு, காரோட ஈஎஸ்சியிலயும் (மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற சர்க்யூட்) சார்ஜர்லயும் எக்ஸ்டி60ங்கிற வேற வகை ப்ளக் இருக்கு. பேட்டரி ப்ளக்கை வெட்டிட்டு நீங்களே சால்டர் பண்ணலாமா, அடாப்டர் போட்டா போதாதா, பேட்டரியை முழுசா காலி பண்ணிட்டு செஞ்சா பயம் இல்லையா. மூணுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆனா பேட்டரி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க.

தாராளமா நீங்களே பண்ணலாம். ஆனா ஒரே ஒரு விஷயம் மனசுல ஏறணும், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. பேட்டரிக்கு ஸ்விட்ச் கிடையாது. வீட்டு வயரிங்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை பார்ப்போம், பேட்டரியில அதுக்கு வழியே இல்ல, நீங்க வெட்டும்போதும் சால்டர் பண்ணும்போதும் அது லைவ்தான். அதனால வேலை முழுக்க எந்த ஒரு நொடியிலயும் பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டோட உலோகமும் ஒரே நேரத்துல வெளிய தெரியக்கூடாது. ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணு மூடியிருக்கணும், அவ்வளவுதான் விஷயம். சால்டரிங் கொஞ்சம் அசிங்கமா வந்தா உருக்கி திரும்ப செய்யலாம், ஷார்ட் ஆனா திரும்ப செய்ய பேட்டரியே இருக்காது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துறேன்னா, 8 வோல்ட் தானே, தொட்டா ஷாக்கே அடிக்காதேன்னு நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனா நல்ல லிப்போவோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் ஒரு செல்லுக்கு சில மில்லிஓம்தான், ரெண்டு செல், வயர் எல்லாம் சேர்த்து ஒரு 10 மில்லிஓம்னு வெச்சுக்கிட்டாலே 7.4 வோல்ட்டை அதால வகுத்தா 740 ஆம்ப். நேர்ல அது கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், ஆனா நூத்துக்கணக்குல ஆம்ப்னுதான் நினைக்கணும். ரெண்டு வயரையும் சேர்த்து கட்டிங் பிளேயர்ல வெட்டினா டப்புன்னு ஒரு வெளிச்சம் வரும், பிளேயரோட வெட்டுற வாயில அரைவட்டமா ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அந்த இடத்து எஃகு உருகிப் போயிருக்கும். கையில மோதிரமோ காப்போ போட்டுக்கிட்டு அது ரெண்டு முனையையும் சேர்த்து தொட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, கழட்டுறதுக்குள்ள விரலை சுட்டுடும். அதனால மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாம் முதல்ல கழட்டி வெச்சிடுங்க, இதுல சமரசமே கிடையாது.

இப்போ அந்த காலி பண்ற கேள்வி. வேணாம். லிப்போ செல் 3 வோல்ட்டுக்கு கீழ போனா கெட ஆரம்பிச்சிடும், புது பேட்டரியை நீங்களே கொன்ன மாதிரி ஆகிடும். அதோட 3 வோல்ட்ல இருக்கிற பேட்டரியும் ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்ப் தள்ளத்தான் செய்யும், அதனால காலி பண்றதுல பாதுகாப்பு வந்துடாது. அதே சமயம் ஃபுல் சார்ஜ்லயும் வேலை பார்க்காதீங்க. 4.2 வோல்ட்ல நிக்கிற செல்லுல ஏதாவது தப்பா போனா தீ பிடிக்கிற வேகமே வேற. சார்ஜர்ல ஸ்டோரேஜ்னு ஒரு மோட் இருக்கும், செல்லுக்கு 3.8 கிட்ட கொண்டுவந்து நிறுத்தும், 2எஸ்னா மொத்தம் 7.6, 7.7 வோல்ட். அந்த நிலையில வெச்சு வேலை பாருங்க. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், அதான் 6 செல் 7.2 வோல்ட் வெள்ளை டமியா ப்ளக்கோட வரும்ல, அதுக்கும் இதே முறைதான். லிப்போ மாதிரி சட்டுனு தீப்பிடிக்காதுன்னாலும் ஷார்ட் ஆனா வயர் சிவந்து உருகுற அளவுக்கு அதுலயும் கரண்ட் இருக்கு.

உப்பின பேட்டரி, ஓரம் நசுங்கின பேட்டரி, ஹார்ட்கேஸ் (கெட்டி பிளாஸ்டிக் கூடு) விரிசல் விட்டது, இதுல எல்லாம் கனெக்டர் மாத்தவே மாத்தாதீங்க. அதை ஒழுங்கா டிஸ்போஸ் பண்றதுதான் ஒரே வழி.

அடாப்டர் பத்தி. தப்பு இல்ல, ரெண்டு இடத்துல அடாப்டர்தான் சரி: வாரண்டி இருக்கும்போது, அப்புறம் சார்ஜர் பக்கம். நிறைய கம்பெனி ப்ளக்கை வெட்டினா வாரண்டி கிடையாதுன்னு போட்டிருப்பாங்க, அதனால புது பேட்டரியோட பேப்பரை ஒரு தடவை படிங்க, முதல்ல அடாப்டரோட கொஞ்ச நாள் ஓட்டி செல் ரெண்டும் ஒழுங்கா சமமா நிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் வெட்டலாம். சார்ஜ் பண்ணும்போது 5 ஆம்ப் தான் போகுது, அதனால அங்க அடாப்டர் ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா கார்ல ஓட்டும்போது அடாப்டர்னா நடுவுல ஒரு ஜோடி கான்டாக்ட், ரெண்டு ஜோடி சால்டர் ஜாயிண்ட் கூடுது. 1 மில்லிஓம் கூடினாலே 60 ஆம்ப்ல 3.6 வாட் சூடு அந்த சின்ன இடத்துல, 2 மில்லிஓம்னா 7.2 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயர்னை பாதி சூட்டுல உள்ள வெச்சிருக்கிற மாதிரி. அதோட கார் குதிச்சு விழும்போது நீளமான அடாப்டர் ஆடி ஆடி கழண்டுக்கும். அதனால தினசரி ஓட்ட நேரடியா சால்டர் பண்றதுதான் நல்லது.

எந்தப் பக்கத்தை மாத்துறதுங்கிறதையும் முதல்லயே முடிவு பண்ணுங்க. உங்ககிட்ட இருக்கிற பேட்டரி எல்லாமே டீ ப்ளக், கார் ஒண்ணுதான் எக்ஸ்டி60ன்னா காரோட ஈஎஸ்சி பக்கத்தை மாத்திட்டு போயிடலாம், அங்க கரண்டே இல்ல, நிம்மதியா செய்யலாம். ஆனா நீங்க சொன்னதை வெச்சு பார்த்தா சார்ஜரும் எக்ஸ்டி60, காரும் எக்ஸ்டி60, இது ஒண்ணுதான் வேற, அதனால பேட்டரியை மாத்துறதுதான் சரி. வீட்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே வகைக்கு கொண்டுவந்துடணும்னு நான் எப்பவும் சொல்லுவேன், அடுத்து வாங்குற பேட்டரியும் அதே ப்ளக்கோட வாங்கிட்டா இந்த லைவ் வேலையே திரும்ப வராது.

எக்ஸ்டி60ல உள்ள 3.5 எம்எம் புல்லட் (உருண்டையான உலோக பின்), 60 ஆம்ப் ரேட்டிங், 2எஸ் 3எஸ் 1/10 ஸ்கேல் காருக்கு தாராளம். எக்ஸ்டி90ல 4.5 எம்எம், பெரிய கார், 4எஸ் அதுக்கு மேல போறவங்களுக்கு. நீல கலர் ஈசி3ல 3.5 எம்எம், ஈசி5ல 5 எம்எம், ஐசி3ங்கிறது ஈசி3யோட சேரும், ஐசி5ங்கிறது ஈசி5யோட சேரும். டீ ப்ளக் கெட்ட கனெக்டர் இல்ல, ஆனா சால்டர் பண்ற தகடு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல மறைவே இல்லாம நிக்கும், கழட்டும்போது பிடிமானமும் கம்மி, அதனாலதான் லைவ் பேட்டரியில புதுசா பழகுறவங்களுக்கு அதை நான் சொல்றதில்ல. பழைய டமியா ப்ளக் வேகமான மோட்டாருக்கு தாங்காது, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறதை பழைய கார் வெச்சிருக்கிற யார்கிட்ட வேணாலும் பார்க்கலாம்.

எக்ஸ்டி60ல மலிவான காப்பி நிறைய சுத்துது. ஒரிஜினல் நைலான் கொஞ்சம் சூடு தாங்கும், காப்பி பிளாஸ்டிக் சால்டர் சூட்டுலயே இளகி உள்ள இருக்கிற பின் கோணலாயிடும், அப்புறம் அது எந்த ஜோடியோடவும் ஒழுங்கா சேராது. இந்த இடத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

இப்போ ரொம்ப முக்கியமானது, பேட்டரிக்கு எந்தப் பாதி வரணும். ஆண், பெண்ணுனு பேர் வெச்சு குழம்பிக்காதீங்க, எக்ஸ்டி60ல வெளிக்கூடு ஒரு மாதிரியும் உள்ள இருக்கிற உலோகம் வேற மாதிரியும் இருக்கிறதால கடைக்காரங்களே மாத்தி சொல்லுவாங்க. ஒரே சோதனைதான்: கையில அந்தப் பாதியை எடுத்து வாய்க்குள்ள பார்த்தா உலோகம் குச்சியா நிக்குதா, ஓட்டையா தெரியுதா? தங்கக் கலர் உலோகம் பிளாஸ்டிக்குக்குள்ள பதுங்கி ஓட்டையா மட்டும் தெரியுதுன்னா, அது பேட்டரிக்கு. குச்சி மாதிரி நீட்டிட்டு நிக்கிற பாதி ஈஎஸ்சிக்கும் சார்ஜர் வயருக்கும். கரண்ட் எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் உலோகம் மறைஞ்சிருக்கணும். இதை மாத்தி போட்டா பேட்டரி பையில ஒரு சாவியோட கிடந்தாக்கூட ஷார்ட் ஆகலாம்.

சாமான் என்னென்ன வேணும்னா, முதல்ல அயர்ன். 25 வாட் குச்சி அயர்ன் வெச்சு இந்த வேலை நடக்காது. நிறைய பேர் சின்ன அயர்ன்னா சூடு கம்மி, பேட்டரிக்கு பாதுகாப்புன்னு நினைக்கிறாங்க, நேர் எதிர். 12 ஏடபிள்யூஜி (வயர் தடிமனைச் சொல்ற நம்பர்) வயர்னா உள்ள 0.08 எம்எம் தடிமன்ல 680 இழை செம்பு, அது சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், சின்ன அயர்ன் அரை நிமிஷம் வெச்சாலும் ஈயம் ஓடாது, அந்த அரை நிமிஷமும் சூடு செம்பு வழியா பேட்டரிக்குள்ள போய்க்கிட்டே இருக்கும், இந்தப் பக்கம் கனெக்டர் பிளாஸ்டிக்கும் இளகும். 60 வாட்டுக்கு மேல, முடிஞ்சா 80, 100 வாட், உளி மாதிரி பட்டையான டிப், 400 டிகிரி பக்கம் வெச்சு மூணு நாலு செகண்ட்ல வேலையை முடிச்சிட்டு எடுத்துடணும். நல்ல சூடு, குறைஞ்ச நேரம், இதுதான் பேட்டரிக்கு நல்லது. கூர்முனை டிப் வேணாம், அதோட நுனியில சூடே நிக்காது.

ஈயம், அதாவது சால்டர் கம்பி, 63/37 இல்லன்னா 60/40 (வெள்ளீயமும் காரீயமும் கலந்த விகிதம்), நடுவுல ரோசின் இருக்கிறது. 63/37 சரியா 183 டிகிரில உருகும், உறையும்போதும் பட்டுனு உறையும், அதனால பழகுறவங்களுக்கு அதுதான் வசதி. லெட் ஃப்ரீ சால்டர் உருக அதைவிட 35, 40 டிகிரி கூட வேணும், இந்த வேலைக்கு வீண் கஷ்டம். ஃப்ளக்ஸ், அதான் ஈயம் நல்லா ஒட்டுறதுக்கு தடவுற பசை, ரோசின் வகை மட்டும், பைப் வேலைக்கு விக்கிற ஆசிட் ஃப்ளக்ஸ் வேணவே வேணாம், அது வயர் இழைக்குள்ள தங்கி பச்சை பூத்து அரிச்சிக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி மூடிக்கிற குழாய்), ஒரு மல்டிமீட்டர், நல்ல கூர்மையான கட்டிங் பிளேயர், வயர் ஸ்ட்ரிப்பர், எலக்ட்ரிகல் டேப், கண்ணுக்கு கண்ணாடி. ஃப்ளக்ஸ் கொதிக்கும்போது ஈயம் தெறிக்கும், அதனால கண்ணாடி சும்மா பேச்சுக்கு சொல்லல. ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிஞ்சதும் கையை சோப்பு போட்டு கழுவுங்க, ஈயத்தோட கையால எதையும் சாப்பிடக் கூடாது.

இடம்: டைல்ஸ் இல்லன்னா சிமெண்ட் தரை மேல, ஒரு பீங்கான் டைல் துண்டு போட்டு அது மேல. பக்கத்துல ஒரு வாளி உலர்ந்த மணல். படுக்கை மேல, கார்பெட் மேல, மர மேஜை மேல பேப்பர் விரிச்சு, இதெல்லாம் வேணாம். பேட்டரி கார்ல இருந்து வெளிய, சார்ஜர்ல இருந்து வெளிய.

முதல் சால்டரே லைவ் பேட்டரியிலயா இருக்கக் கூடாது. பழைய தடிமன் வயர் துண்டு ரெண்டு எடுத்து ஒரு உபரி கனெக்டர்ல நாலஞ்சு தடவை போட்டு பாருங்க, இழுத்து பாருங்க, அப்புறம்தான் பேட்டரி. பேட்டரி பக்கம் போறதுக்குள்ள உங்க கைக்கு எவ்வளவு நேரம் அயர்னை வெச்சா ஈயம் ஓடுதுங்கிறது தெரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு பாருங்க, உங்க பேட்டரி ஹார்ட்கேஸா இருந்து, மேல 4 எம்எம் இல்லன்னா 5 எம்எம் ஓட்டை இருந்து, வயர் தனியா கழண்டு வருமா? அப்படின்னா அதிர்ஷ்டம், வயரை பேட்டரியில இருந்து பிடுங்கிட்டு தனியா மேஜையில வெச்சு சால்டர் பண்ணலாம், லைவ் வேலையே இல்ல. வயர் நேரா பேட்டரிக்குள்ள போகுதுன்னா மட்டும் கீழ சொல்ற மாதிரி.

வெட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு பழைய ப்ளக்ல எது பாசிட்டிவ்னு அளந்து பாருங்க. சிவப்பு வயர்னா பாசிட்டிவ்னு கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, முக்கியமா செகண்ட் ஹேண்ட் பேட்டரியில. சிவப்பு ப்ரோபை சிவப்பு வயர் பக்கம் வெச்சு நம்பருக்கு முன்னாடி மைனஸ் வரலன்னா சரி. இங்க ஒரு எச்சரிக்கை, மீட்டரோட சிவப்பு ப்ரோப் 10 ஆம்ப் ஓட்டையில சொருகியிருந்தா மீட்டரே ஒரு ஷார்ட் கம்பி ஆயிடும், வோல்ட் ஓட்டையில இருக்கான்னு பார்த்துட்டு தொடுங்க. பீப் சத்தம் வர்ற கன்டின்யூட்டி மோட்லயும் லைவ் பேட்டரியை அளக்கக் கூடாது.

வேலைக்கு போவோம். முதல்ல பேலன்ஸ் வயர், சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியா அளந்து சமப்படுத்த அந்த வெள்ளை ஜேஎஸ்டி ப்ளக்கோட வர்ற மெல்லிசு வயர்கள், 2எஸ்னா மூணு இருக்கும், அதை மடக்கி பேட்டரி உடம்போட டேப் போட்டு ஒதுக்கிடுங்க. அதை யாரும் கண்டுக்கிறதே இல்ல, ஆனா அந்த கருப்பு பேலன்ஸ் வயரும் மெயின் கருப்பு வயரும் உள்ள ஒரே இடத்துலதான் சேருது. மெயின் கருப்பை அழகா டேப் சுத்தி மூடிட்டு, திறந்திருக்கிற சிவப்பு முனை போய் பேலன்ஸ் ப்ளக் பின்ல பட்டாலும் ஷார்ட்தான், மெல்லிசு வயர் ஒரு நொடியில எரியும். பழைய ட்ராக்ஸஸ் பேட்டரி மாதிரி தனி பேலன்ஸ் ப்ளக் இருந்தா பிரச்சனை இல்ல, ஆனா அவங்களோட புது ஐடி வகையில பேலன்ஸ் வயர் மெயின் கனெக்டருக்குள்ளயே போகுது, அதை மத்தது மாதிரி வெட்டினா பேலன்ஸ் பண்ண வழி போயிடும், அந்த வகைக்கு இந்த முறை பொருந்தாது.

எக்ஸ்டி60எச்னு பின்னாடி மூடி வர்ற மாடல் வாங்கியிருந்தா அந்த மூடியை வயர்ல முதல்ல எப்படி கோக்கணும்னு பார்த்து வைங்க, ஒவ்வொரு வயரா வெட்டும்போது அது வழியா விட்டுத்தான் சால்டர் பண்ணணும். ஹீட் ஷ்ரிங்கும் அதே கதை. எல்லாம் முடிச்ச பிறகு ஸ்லீவ் மேஜையில கிடக்கிறது உலகத்துல எல்லாருக்கும் நடக்குறதுதான், ஆனா லைவ் பேட்டரியில திரும்ப உருக்கி எடுக்கிறது வேண்டாத வேலை.

புது கனெக்டரோட ஜோடிப் பாதியை, எதோடயும் இணைக்காத வெறும் பாதியை, அதுல சொருகி வெச்சுட்டு சின்ன வைஸ்லயோ ஏதாவது ஒரு பிடியிலயோ மாட்டுங்க. சூட்டுல பிளாஸ்டிக் இளகினாலும் பின் ரெண்டும் நேரா நிக்கும், சூட்டையும் கொஞ்சம் அது வாங்கிக்கும். பிடியில உலோகம் இருந்தா அது பின் ரெண்டையும் தொடாத மாதிரி பிளாஸ்டிக் உடம்பை மட்டும் பிடிக்கணும். ஆனா ஞாபகம் இருக்கட்டும், முதல் வயர் சால்டர் ஆனதும் அந்த வெறும் பாதியோட பின்னாடி கப்பும் (வயரை வெச்சு சால்டர் பண்ற குழி) லைவ். அதனால அதோட பின்பக்கத்தை ஆரம்பத்துலயே டேப் போட்டு மூடிட்டு சொருகுங்க.

கப் ரெண்டுலயும் முதல்லயே ஈயம் நிரப்பி வைங்க, பாதி அளவுக்கு மேல வேணாம், வயர் இன்னும் வெட்டவே இல்ல இப்போ. கனெக்டர் மேல பிளஸ் மைனஸ் குறி அச்சடிச்சிருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சு பார்த்தா தெரியும், பிளஸ் பக்கம் ஒரு மார்க்கர் புள்ளி வெச்சுக்கோங்க.

இப்போ கருப்பு வயரை மட்டும் வெட்டுங்க, ப்ளக்ல இருந்து ஒரு 3 சென்டிமீட்டர் தள்ளி. சிவப்பு இன்னும் பழைய ப்ளக்லயே இருக்கு. அந்த பழைய ப்ளக்ல தொங்குற கருப்பு துண்டுல இப்போ கரண்ட் இல்ல, ஆனா ப்ளக்கோட பாசிட்டிவ் தகடு லைவ்தான், அதனால முழு ப்ளக்கையும் டேப்ல சுத்தி ஓரமா ஒதுக்கிடுங்க. கருப்பு வயர்ல மூடி, ஸ்லீவ் கோத்து பேட்டரி பக்கம் தள்ளிட்டு, நுனியில 5 எம்எம் கிட்ட உரிங்க, கப்போட ஆழத்துக்கு சரியா இருக்கணும், கூட உரிச்சா வெளிய செம்பு தெரியும். இழையை லேசா முறுக்கி, ஃப்ளக்ஸ் தொட்டு, அயர்னை கீழ வெச்சு ஈயத்தை மேல இருந்து வயர்ல தொடுங்க, அயர்ன்ல இல்ல. முதல்ல ஃப்ளக்ஸ் சலசலன்னு கொதிச்சு புகை வரும், அப்புறம் ஒரு கணத்துல ஈயம் இழைக்குள்ள இறங்கி வெள்ளியா மாறும், அப்போ எடுத்துடுங்க. ரொம்ப நேரம் வெச்சா ஈயம் சிலிக்கான் உறைக்குள்ள ஏறி வயர் குச்சி மாதிரி விறைச்சிடும், பின்னாடி ஆடி ஆடி அந்த விறைப்பு முடியற இடத்துலதான் ஒடியும்.

அப்புறம் அயர்ன் டிப்ல துளி ஈயம் வெச்சு கப்போட வெளிப்பக்கம் வைங்க, உள்ள இருக்கிற ஈயம் உருகி பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆனதும் வயரை உள்ள இறக்கி, ரெண்டும் சேர்ந்து ஓடுறதை பார்த்துட்டு அயர்னை எடுத்துட்டு, கையை அசைக்காம அஞ்சாறு செகண்ட் பிடிச்சிருங்க. வயரை பிடிக்க வெறும் விரல் வேணாம், சுடும், சிலிக்கான் உறை 200 டிகிரி தாங்கும் ஆனா உங்க விரல் தாங்காது. ஆறினதும் நல்லா இழுத்து பாருங்க. லெட் சால்டர்ல ஜாயிண்ட் வழவழன்னு பளபளப்பா இருக்கணும், சாம்பல் கலர்ல பொருபொருன்னு உருண்டையா நின்னா அது கோல்டு ஜாயிண்ட், திரும்ப சூடு காட்டுங்க. ஒரு நிமிஷம் ஆற விட்டு ஸ்லீவை ஏத்தி சுருக்குங்க. ஸ்லீவ் சுருக்க லைட்டர் வேணாம், பக்கத்துல லிப்போ இருக்கு, ஹாட் ஏர் கன் இருந்தா அது, இல்லன்னா அயர்னோட தண்டை பக்கத்துல காட்டினாலே சுருங்கும்.

ஸ்லீவ் சுருங்கி கருப்பு பக்கம் உலோகம் ஒரு பொட்டு கூட வெளிய தெரியலன்னு பார்த்த பிறகுதான் சிவப்பு. மூடி மாடல்னா ஸ்லீவ் இல்லாம விட்டுடாதீங்க, மூடி கடைசியிலதான் ஏறும், நடுவுல இந்த ஸ்லீவ்தான் காவல். சிவப்பை வெட்டுங்க, பழைய ப்ளக் தனியா வந்துடும், அதே மாதிரி உரிச்சு, ஈயம் ஏத்தி, கப்புல இறக்குங்க. இந்த ரெண்டாவது ஜாயிண்ட்தான் ஆபத்தான நேரம், ஏன்னா இப்போ நெகட்டிவ் கப் பக்கத்துலயே இருக்கு, அயர்ன் டிப் வழுக்கினா ரெண்டையும் சேர்த்து தொடலாம். அயர்னை எப்பவும் வெளிப்பக்கத்துல இருந்து கொண்டு வாங்க, நடுவுல இருந்து வேணாம். அவசரமே படாதீங்க, யாராவது கூப்பிட்டா பதில் கூட சொல்லாதீங்க.

பேட்டரியில இருந்து வர்ற வயர் ரொம்ப குட்டையா இருந்தா ரெண்டு ஜாயிண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம் விடுங்க, வயர் பேட்டரிக்குள்ள போற இடத்தை தொட்டு பாருங்க, வெதுவெதுப்புக்கு மேல இருக்கக் கூடாது.

எக்ஸ்டி60 இல்லாம ஈசி3, ஈசி5 போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல புல்லட்டை வெளிய வெச்சு சால்டர் பண்ணிட்டு அப்புறம் நீல கூட்டுக்குள்ள தள்ளணும், க்ளிக்னு உக்காரும். நிறைய பேர் ரெண்டு புல்லட்டையும் சால்டர் பண்ணி முடிச்சிட்டு ஒண்ணா தள்ளலாம்னு வைப்பாங்க, பேட்டரியில அப்படி செஞ்சா ரெண்டு வெறும் தங்கக் குழாய் லைவா பக்கத்துல பக்கத்துல ஆடிக்கிட்டு இருக்கும். முதல் புல்லட் ஆறினதும் குறி பார்த்து கூட்டுக்குள்ள தள்ளிட்டு, அதுக்கப்புறம்தான் அடுத்த வயரை வெட்டவே செய்யணும். தள்ளினா திரும்ப வெளிய எடுக்கிறது கஷ்டம், அதனால எந்த ஓட்டை பிளஸ்ங்கிறதை தள்ளுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாருங்க.

முடிஞ்சதும் ஜோடிப் பாதியை கழட்டிட்டு மீட்டர் வெச்சு அளக்கணும், கார்ல மாட்டி பார்த்து தெரிஞ்சுக்கலாம்னு நினைக்கவே கூடாது. சிவப்பு ப்ரோப் பிளஸ் ஓட்டையில, கருப்பு மைனஸ்ல, 7.6 கிட்ட காட்டணும், மைனஸ் குறி இல்லாம. மைனஸ் வந்தா மாத்தி சால்டர் பண்ணியிருக்கீங்க, ஈஎஸ்சியில மாட்டினா அந்த நொடியே அது போச்சு, பெரும்பாலான ஈஎஸ்சியில தலைகீழா மாட்டினா காப்பாத்துற சர்க்யூட் எதுவும் கிடையாது. வயரை லேசா அசைச்சுக்கிட்டே அளங்க, நம்பர் குதிச்சா ஜாயிண்ட் சரியில்ல. ஈஎஸ்சி பக்கத்து ப்ளக்லயும் சிவப்பு வயர் பிளஸ் குறி பக்கம்தான் போகுதான்னு கண்ணால ஒரு தடவை பாருங்க, முன்னாடி யாரோ மாத்தியிருந்தா அங்கயும் தப்பு இருக்கலாம்.

முதல் தடவை சொருகும்போது சின்னதா ஒரு டிக் சத்தமும் பொறியும் வந்தா பயப்படாதீங்க, ஈஎஸ்சியில இருக்கிற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுறதுதான் அது. 2எஸ்ல லேசா இருக்கும், 4எஸ், 6எஸ் போகும்போது அது கான்டாக்டையே கரிச்சிடும், அதுக்குத்தான் எக்ஸ்டி90எஸ்னு உள்ள ரெசிஸ்டர் வெச்ச ஆன்ட்டி ஸ்பார்க் வகை இருக்கு.

எவ்வளவு பார்த்தாலும் ஷார்ட் ஆயிடுச்சுன்னா என்ன பண்றது? முடிஞ்சா உடனே பிரிங்க, ஒட்டிக்கிச்சுன்னா கையால பிடுங்க போகாதீங்க, இன்சுலேஷன் கைப்பிடி உள்ள பிளேயரால ஒரே ஒரு வயரை வெட்டுங்க. புகையோ உப்பலோ தெரிஞ்சா வெட்டுறதை விட்டுட்டு விலகுங்க. அந்தப் புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கிற விஷம், பக்கத்துல குனிஞ்சு பார்க்காதீங்க. பேட்டரி சும்மாதான் இருக்குன்னா மணல் வாளியில போட்டு வெளிய, எரியுற பொருள் எதுவும் இல்லாத இடத்துல வைங்க, கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு பிறகு திடீர்னு பத்திக்கிறது லிப்போவோட குணம், அதனால குறைஞ்சது சில மணி நேரம் கண்ணு வெச்சிருக்கணும். பெரிய ஷார்ட் வாங்கின பேட்டரியை உப்பலன்னாலும் திரும்ப சார்ஜ் போடாதீங்க.

கடைசியா, புது கனெக்டரோட முதல் ஓட்டம் அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டு கனெக்டரை தொட்டு பாருங்க. வயரும் கனெக்டரும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருந்தா எல்லாம் சரி. கனெக்டர் மட்டும் சுடுது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் கூடுதலா சுடுதுன்னா அந்தப் பக்க ஜாயிண்ட்ல ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அந்த ஒரு வயரை மட்டும் இதே ஒழுங்குல திரும்ப செய்யுங்க. வெட்டி எடுத்த டீ ப்ளக்கை தூக்கிப் போடாதீங்க, அதுல 3 சென்டிமீட்டர் வயர் இருக்கு, குச்சி இருக்கிற எக்ஸ்டி60 பாதியை அதுல சால்டர் பண்ணா டீ ப்ளக் இருக்கிற சார்ஜர்ல இந்த பேட்டரியை மாட்ட ஒரு அடாப்டர் தயார், அதுவும் கரண்ட் இல்லாத வேலை.